ஆக்சிஜன் அளவு 90: கூட்டச் சொன்னால் ஏன் மறுக்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பல வருடம் புகைபிடித்தவர், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. சளியும் மூச்சுத்திணறலும் அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். விரலில் மாட்டும் கருவி 89, 90 என்றே காட்டுகிறது. ஆக்சிஜனைக் கூட்டச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார். இப்போது முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு, மணிக்கட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். சிகிச்சை சரியாகத்தான் நடக்கிறதா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சரியாகத்தான் நடக்கிறது. அப்பா மூச்சுக்குத் தவிக்கும்போது ஆக்சிஜனைக் கூட்டாமல் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் சிஓபிடி நோயாளிகளில் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 சதவீதம்தான். மற்ற பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98. அந்தக் கணக்கில் உங்கள் அப்பாவின் 90 இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

நுரையீரல் ஆக்சிஜனை உள்ளே எடுத்தால் மட்டும் போதாது, கரியமில வாயுவை வெளியேயும் தள்ள வேண்டும். சிஓபிடி முற்றும்போது இந்த இரண்டாவது வேலை தளர்ந்துவிடுகிறது. காற்று சரியாகப் போகாத பகுதிகளில் நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டுச் சமாளிக்கிறது. ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சுருங்கிய குழாய்கள் விரிகின்றன. ரத்தம் மறுபடி கெட்ட பகுதிக்கே போய், கரியமில வாயுவை இறக்காமலே திரும்புகிறது. போதாததற்கு, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கரியமில வாயுவை முன்போல் சுமக்கவும் முடியாது. மூச்சுவிடும் உந்துதலும் ஓரளவு குறையும். கடைசியில் ரத்தம் அமிலமாகி, நோயாளி மயக்க நிலைக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே அளவு பார்த்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களிடையே மரணம் தெளிவாகக் குறைந்திருந்தது.

விரல் கருவிக்குக் கரியமில வாயு தெரியவே தெரியாது. அதனால்தான் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏபிஜி பரிசோதனை செய்கிறார்கள். வலிக்கும்தான், ஆனால் இதற்கு ஈடான தகவல் வேறு எதிலும் கிடைக்காது. கரியமில வாயு 35 முதல் 45 வரையும் (மி.மீ. பாதரச அளவில்), ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.35 முதல் 7.45 வரையும் இருப்பது இயல்பு; பிஹெச் இறங்கினால் ரத்தம் அமிலமாகிறது என்று அர்த்தம். மருந்தும் நெபுலைசரும் கொடுத்த பிறகும் கரியமில வாயு 45-ஐத் தாண்டி, பிஹெச் 7.35-க்குக் கீழே நின்றால் பை-பாப் என்ற இறுக்கமான மாஸ்க் போடுவார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அதிக அழுத்தமும் வெளியே விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுத்து, களைத்துப்போன மூச்சுத் தசைகளின் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. பலருக்குத் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கும் நிலையே வராமல் காப்பாற்றுவது இதுதான். முதல் சில மணி நேரம் முரண்டு பிடிப்பார்கள், கழற்றச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். மாஸ்க் இருக்கும்போது தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆக்சிஜன் திருகை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம். எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காமல் அப்பாவைப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம், தலைவலி, கைகளை முன்னால் நீட்டினால் மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து ஆடுவது ஆகியவை கரியமில வாயு ஏறுவதன் அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும், கருவி 96 காட்டினால்கூட, உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். 88-க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டலாம், அதையும் கவனியுங்கள்.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கடைசி ஏபிஜியில் பிஹெச் ஏறியதா, இறங்கியதா? திணறலுக்கு நிமோனியா, இதயச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கட்டு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? அப்பா தூக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அது மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் இன்ஹேலரை அவர் கையாலேயே பயன்படுத்திக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக இழுப்பவர்கள் மிக அதிகம். அப்புறம், 'ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92' என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். அடுத்த முறை ஆம்புலன்ஸ் வந்தால், ஏற்றும்போதே அதைக் காட்டுங்கள்.