‘மலேசியக் கவுதாரி’ ஜோடியை வளர்க்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பறவை வியாபாரி ஒருவர், ‘இது மலேசியக் காட்டுக் கவுதாரி, வெளிநாட்டு இனம், லைசென்ஸ் தேவையில்லை’ என்று சொல்லி ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போனார். பாதிப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரு சான்றிதழ் நகலும் தந்தார். குஞ்சு பொரித்தால் அவரே திரும்ப வாங்கிக்கொள்வாராம். போட்டோ அனுப்பியிருக்கிறேன். வளர்க்கலாமா? வனத்துறை பிடிக்குமா?”

வளர்க்க வேண்டாம். மீதிப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். போட்டோவில் இருப்பது மலேசியாவைப் பார்த்த பறவையே இல்லை. உங்கள் தோப்பு வேலிக்கு வெளியே, சீமைக்கருவேலப் புதருக்குள் விடிகாலையில் ஊரை எழுப்புகிற மாதிரி கத்துமே, அதே சாம்பல் கவுதாரிதான். மங்கிய மஞ்சள் தொண்டை, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, உடம்பு முழுக்கக் குறுக்கு வரி, சிவந்த கால். இங்கேயே கண்ணி வைத்துப் பிடித்ததை உங்களுக்கே வெளிநாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் சேவலின் காலைப் பாருங்கள். பின்பக்கம் கூரான முள் இருக்கும். ‘வெளிநாட்டுக் காட்டுக் கவுதாரி’ என்றால் முதலில் நினைவுக்கு வரும், இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள மலைக்கவுதாரிகளுக்கு அந்த முள் கிடையாது. ஆர்போரோஃபிலா என்ற பேரினத்தில் வரும் அந்தப் பறவைகள் சுமார் இருபது இனங்கள். தைவான், ஹைனான், ஜாவா, சுமத்ரா, போர்னியோ என்று தீவுக்கு ஒன்றாகவும், மலைத்தொடருக்கு ஒன்றாகவும் பிரிந்து கிடக்கின்றன. ஈரம் காயாத காட்டில் சருகைக் கிளறித் தின்பவை. இந்தியாவில் உள்ள இனங்களும் இமயமலை, வடகிழக்கு மாநிலங்களோடு சரி. தென்னிந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. உப்புக்காற்றிலும் பங்குனி வெயிலிலும் அதை ஒருவர் சும்மா கூண்டில் வைத்து வளர்க்கிறார் என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

மலேசியாவில் நிஜமாகவே ஒரு காட்டுக் கவுதாரி உண்டு. பறவை வளர்ப்பவர்கள் ரூல்ரூல் என்பார்கள். ஆண் கருநீலம், தலையில் துடைப்பம் போலச் சிவப்புக் கொண்டை. பெட்டை பச்சை. உங்கள் போட்டோவுக்கும் அதற்கும் தூரத்து ஜாடைகூட இல்லை.

உருண்டை உடம்பு, குட்டை வால் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் சேர்ப்பது பழைய பழக்கம். மரபணுவைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. மலைக்கவுதாரியும் ரூல்ரூலும் கோழிக் குடும்பத்திலிருந்து ரொம்ப முன்னாலேயே தனியாகப் பிரிந்த கிளை. அதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவுகூட உண்டு. 1991-இல் தான்சானியாவின் மலைக்காட்டில், சமையல் பாத்திரத்தில் கிடந்த பறவைக் கால்களை வைத்துத்தான் அப்படி ஒரு பறவை இருப்பதே ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்தது. நம்மூர்க் கவுதாரிக்கோ மலைக்கவுதாரியைவிட உங்கள் வீட்டுக் கோழிதான் நெருங்கிய சொந்தம். இதைச் சொல்வதற்குக் காரணம், ‘எல்லாம் ஒரே ஜாதிதான் சார், பேர்தான் வேற’ என்பது வியாபாரியின் அடுத்த வசனமாக இருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். சாம்பல் கவுதாரி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘தெரியாமல் வாங்கினேன்’ என்பது உதவலாம், உதவாமலும் போகலாம்.

அந்தச் சான்றிதழை நன்றாகப் பாருங்கள். இந்த வியாபாரிகள் காட்டும் காகிதம் பெரும்பாலும் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அரசுக்குத் தெரிவிக்கலாம் என்று 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த தன்விருப்ப அறிவிப்பின் நகல்தான். அந்த அவகாசம் எப்போதோ முடிந்த கதை. அதில் இருப்பது யாரோ ஒருவர் பெயர், ஏதோ ஒரு பறவை. அதையே ஜெராக்ஸ் எடுத்து ஜோடிக்கு ஜோடி ஒட்டுகிறார்கள். நிஜமாகவே வெளிநாட்டு இனமாக இருந்தாலும் ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வைத்திருப்பவர் பெயரில் பதிவு வேண்டும். அந்தத் தளத்தில் கிராமத்து ஆள் ஒருவர் உதவியில்லாமல் படிவத்தை முடித்துவிட்டால் நான் சால்வை போர்த்துவேன். தரகர்கள் பிழைப்பதே இந்தச் சிக்கலில்தான்.

‘குஞ்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்’ என்பதும் பழைய வலை. ஈமு காலத்தில் தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர் அதில் விழுந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

‘அப்போ கடையில் காடை விற்கிறார்களே?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். அது ஜப்பானியக் காடை. 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பண்ணையிலேயே பல தலைமுறை கண்டுவிட்ட பறவை. நடுவில் அதையும் காட்டுப் பறவைப் பட்டியலில் வைத்துப் பண்ணைக்காரர்களை அலைக்கழித்து, அப்புறம்தான் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு ஜப்பானியக் காடைக்கு மட்டும். குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் காட்டுக் காடை பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். அதற்கு விலக்குக் கிடையாது. புதர்க்காடைக்கும் கிடையாது. கவுதாரிக்கு நிச்சயம் கிடையாது. வலையில் பிடித்ததைப் பண்ணைக் காடையோடு கலந்து விற்கும் ஆட்களும் உண்டு. ஆகவே காடை வளர்க்க ஆசை என்றால் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்தே வாங்குங்கள். ரசீதில் ‘ஜப்பானியக் காடை’ என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘காடை’ என்று போட்டால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். ஆறேழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும் பறவை, தோப்பு நிழலில் ஒரு கொட்டகை போதும்.

இப்போது கையில் இருக்கும் ஜோடி. இருட்டில் வேலிக்கு வெளியே திறந்துவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், வியாபாரியின் போனில் உங்கள் பெயரும் பணம் அனுப்பிய கணக்கும் இருக்கும். காட்டு விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நாள் கடந்திருந்தாலும் நீங்களாகப் போவதுதான் நல்லது. நிலப்பகுதியைப் பார்க்கும் வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அலுவலகப் பக்கம் போனால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்பார்கள். வனச்சரக அலுவலகத்திலோ ‘ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்’ என்பார்கள். சளைக்காதீர்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வராதீர்கள். வியாபாரி சொன்னது, கொடுத்த தேதி, பணம், அவருடைய போன் எண் எல்லாம் எழுதி, சான்றிதழ் நகலையும் இணைத்து இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கூண்டைக் கொடுக்க வேண்டாம். வழக்கு வரும் என்று பயமாக இருந்தால் கிளம்பும் முன் ஒரு வக்கீலிடம் கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.

கொடுத்த முன்பணம் திரும்பி வருமா என்றால், அந்த வியாபாரி மறுபடி போனை எடுத்தால் பார்க்கலாம்.