சைக்கிள் ஆப் காட்டும் ஏற்றக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஒரே வழிக்கு ஒரு ஆப் 1,500 மீட்டர் ஏற்றம் என்கிறது, இன்னொன்று 1,900 என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும் இடத்தின் உயரத்தையும் போய்ச் சேரும் இடத்தின் உயரத்தையும் நம்பலாம். மொத்த ஏற்றத்தைப் பாதி நம்பலாம். 'அதிகபட்சச் சரிவு' என்று ஒரு எண் வருமே, அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

நான் புதுச்சேரிக்காரன், இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் லூயி ஊர்ப் பக்கம் இருக்கிறேன். இங்கிருந்து சிலாவோஸ் என்கிற மலையூர் சுமார் 37 கிலோமீட்டர், நானூறு வளைவு என்று ஊரே சொல்லும்; கடலோரத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். முதல் தடவை வழியைப் போட்டுப் பார்த்தபோது நடுவில் ஓரிடத்தில் சரிவு 34 சதவீதம் என்று சிவப்பாக நின்றது. படத்தைத் தம்பிக்கு அனுப்பினால், "அண்ணே, இது ரோடா ஏணியா?" என்கிறான். போய்ப் பார்த்தேன், அங்கே சுரங்கப்பாதை! ரோடு மலையைக் குடைந்துகொண்டு உள்ளே போகிறது, ஆப் தலைக்கு மேலே இருக்கிற முகட்டின் உயரத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது.

பல ஆப்களுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த தரவு. சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம். சமவெளிக்கு அது போதும், இங்கே ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வரைபடத்தில் ரோடு 15 மீட்டர் தள்ளி விழுந்தாலும் உங்களைப் பாறை மேல் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கிவிடும், அந்தப் பொய் மேடெல்லாம் மொத்தத்தில் சேரும். எந்தச் சின்ன மேட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் ஆப்புக்கு ஆப் விதி வேறு.

சரி, காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் சைக்கிள் மீட்டர்? சரிவை நன்றாகவே காட்டும். ஆனால் மேலே போகப் போக அழுத்தம் குறையும் என்பதுதான் அதன் கணக்கு; வானிலையால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தாலே 8, 9 மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வெப்பமண்டலத்தில் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் காலை 10 மணிவாக்கில் அழுத்தம் கூடி, மாலை 4 மணிவாக்கில் 2, 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஒருநாள் இங்கே இருக்கிற கோல் கோயில் வாசலில் ஒன்பதரைக்குக் கிளம்பி நாலு மணிக்குத் திரும்பினேன், சைக்கிள் மீட்டரின் கணக்கில் கோயில் 20 மீட்டர் உயர்ந்திருந்தது. கும்பாபிஷேகம்கூட நடக்கவில்லை!

சராசரியும் ஏமாற்றும். 1,200-ஐ 37 கிலோமீட்டருக்குப் பிரித்தால் 3 சதவீதம் சொச்சம்தான், நடுவில் இறங்கி மறுபடி ஏறுவது அதில் தெரியாது. நான் பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடத்தில் உயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எண்ணி, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வேன். அப்புறம், சுரங்கத்துக்குள் நுழையும் முன் லைட்டைப் போட்டுவிடுங்கள், உள்ளே குறுகல்.