சூடு இருந்தும் விளக்கு ஏன் அணைந்தது?

கேள்வி: டீச்சர், அறிவியல் கண்காட்சிக்காக, சூட்டில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு பெல்டியர் தகடு வாங்கி மெழுகுவர்த்திக்கு மேல் பிடித்தேன். அதில் இணைத்த சிவப்பு எல்.இ.டி. எரிந்தது. ஒரே நிமிடத்தில் மங்கி அணைந்துவிட்டது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏன்?
- ஒன்பதாம் வகுப்பு மாணவர், தர்மபுரி

பதில்: முதலில் மெழுகுவர்த்தியை ஓரமாக எடுத்து வை, தம்பி. கடையில் கிடைக்கும் 12706 வகைத் தகடு, மின்சாரம் கொடுத்துக் குளிரூட்டுவதற்காகச் செய்தது. பல தகடுகளின் உள்ளே இணைப்புகளைப் பிடித்திருக்கும் பற்றாசு (சால்டர்) 138 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வகுப்பில் நானே சுடரில் காட்டி இரண்டு தகடுகளைப் பாழாக்கியிருக்கிறேன். மூன்றாவதை வெந்நீரில்தான் வைத்தேன்.

உன் விளக்கு அணைந்த காரணம் வேறு. எவ்வளவு சூடு என்பதல்ல, இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு. தகட்டின் கனமோ நான்கு மில்லிமீட்டர் அளவுதான். கீழ்ப்பக்கச் சூடு மேலே ஏறிவிட்டது, வித்தியாசம் சுருங்கிவிட்டது. 1821-இல் தாமஸ் சீபெக் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினார்; பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது, வளையத்தில் மின்சாரம் ஓடியதன் அடையாளம் அது. மறுமுனையும் அதே அளவு சூடாகியிருந்தால் ஊசி அசைந்தே இருக்காது.

அதனால் நீ கவனிக்க வேண்டியது குளிர்ந்த பக்கத்தை. பழைய கம்ப்யூட்டரில் இருந்து ஒரு அலுமினிய ஹீட் சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் பற்கள் கொண்ட கட்டை) கழற்றி, அதன் பற்கள் மூழ்கும்படி ஐஸ் தண்ணீரில் வை. அதன் முதுகில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவித் தகட்டை ஒட்டு. தகட்டுக்கு மேல், தட்டையான அடியுள்ள சின்ன அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர். தகட்டில் தண்ணீர் படக் கூடாது. வெந்நீர் ஊற்றும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எரியவில்லை என்றால் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பார்.

சீபெக்கின் இரண்டு உலோகங்களைப் போல, தகட்டுக்குள் இரண்டு வகைக் குறைக்கடத்தித் துண்டுகள் சேர்ந்த 127 ஜோடிகள் இருக்கின்றன. ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.05 வோல்ட் கிடைக்கும். 40 டிகிரி நிலைத்து நின்றால் 2 வோல்ட் வரும், சிவப்பு எல்.இ.டி.க்கு அது போதும். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். அதற்கு இரண்டு தகடுகளைத் தொடராக இணை.

அப்புறம், வெந்நீர் ஆற ஆற இரண்டு பக்க வெப்பநிலையையும், எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி, வரைபடம் போடு. நான் நடுவராக இருந்தால் விளக்கைவிட அந்தக் கோட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

"இதில் வீட்டு ஃபேன் ஓடுமா?" என்று யாராவது கேட்பார்கள். ஓடாது என்றே சொல். உள்ளே போகும் வெப்பத்தில் மிகச் சிறு பங்குதான் மின்சாரமாகிறது. ஆனால் 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கு இதே தத்துவம்தான் மின்சாரம் தருகிறது. அங்கே புளுட்டோனியம் ஒரு பக்கத்தைச் சூடாக்குகிறது, விண்வெளி மறுபக்கத்தைக் குளிர வைக்கிறது.