க்ரூஸ் டிக்கெட் வாங்கியாச்சு. கரையில் இறங்கினால் எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஐந்து நாள் க்ரூஸ் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் (68 வயது, மூட்டு வலி, சுத்த சைவம்). கப்பல் மெக்சிகோவில் ப்ரோக்ரெசோ, கோசுமெல் இரண்டு இடத்தில் நிற்கிறது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடித்துவிட்டோம். கரைச் சுற்றுலாவுக்கு 600 டாலர் ஒதுக்கியிருந்தோம். ஆனால் கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் சிச்சென் இட்சா, துலும் என்ற பழைய மாயா இன நகரங்களின் இடிபாடுகள் இரண்டையும் போட்டுப் பார்த்தால் ஐந்து பேருக்கும் சேர்த்து 1,160 டாலர் காட்டுகிறது. மீதி 560-ஐ கிரெடிட் கார்டில் போட்டு மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம் என்கிறார் கணவர். வெளி ஏஜெண்டிடம் பதிந்தால் விலை குறைவு என்கிறார்கள். கப்பலை விட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. மகளுக்கு டால்பினோடு நீந்த ஆசை. மகன் இங்கே பிறந்தவன், பாஸ்போர்ட் எடுக்கவில்லை, பிறப்புச் சான்றிதழ் போதும் என்றார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு பயணத்தையும் ஆப்பின் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. நாலு வயதுப் பையனும் மூட்டு வலிக்கார மாமியாரும் உள்ள குடும்பம் போகிற பயணங்கள் இல்லை அவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த கார்டு விஷயம்.

560 டாலரை 22 சதவீத ஆண்டு வட்டியில் மூன்று தவணையாக அடைத்தால் வட்டி சுமார் 20 டாலர்தான். உங்கள் கணவர் இதைத்தான் கணக்குப் போட்டிருப்பார், தப்பில்லை. ஆனால் கார்டில் பாக்கி வைத்துவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லா நாட்களும் போய்விடும். அதே கார்டில் ஜூலை மாதம் போடும் மளிகை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். க்ரூஸ் செலவுக்கான வட்டி என்று ஸ்டேட்மெண்டில் அது தனியாகத் தெரியாது, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. 600 என்று முடிவு செய்தது நீங்கள்தான். அதிலேயே நிற்போம்.

இப்போது கப்பல் நிறுவனம் கேட்கும் விலைக்கு வருவோம். அதே இடத்துக்கு வெளியில் குறைவாக அழைத்துப் போகிறார்கள் என்றால் அந்த வித்தியாசம் எதற்கு? கொஞ்சம் கமிஷன், கொஞ்சம் வசதி. இன்னொரு பாகம் இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. கப்பல் நிறுவனத்தின் மூலம் பதிந்த பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகாமல் தாண்டிவிட்டால் பணம் திரும்பி வரும். ஜூன் முதல் தேதி புயல் பருவம் ஆரம்பம் என்பதால் இது வெறும் பேச்சு இல்லை. வெளி ஏஜெண்டிடம் பதிந்தால் இரண்டும் அவர்கள் விதியைப் பொறுத்தது. கப்பலோ யாருக்காகவும் நிற்காது.

ஆகவே பிரீமியம் எங்கே கட்ட வேண்டும் என்று பார்த்தால் போதும். தூரம் அதிகம், நடுவில் ஃபெர்ரி இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கப்பலிடமே பதியுங்கள். இருபது டாலர் மிச்சம் பிடிக்கப் போய், கப்பலைத் தவறவிட்டு ஐந்து பேருக்கு விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. ஆனால் பத்து நிமிட டாக்ஸி தூரத்தில் இருக்கும் கடற்கரைக்கு எதற்கு பிரீமியம்? அங்கே அபாயமே இல்லையே.

இன்னொன்று, கப்பல் விலை தலைக்கு இவ்வளவு என்று போடப்படும். நாலு வயதுப் பையனுக்கும் பெரியவர்களை ஒட்டிய விலைதான். டாக்ஸியும் தனி வேனும் வண்டிக்கு இவ்வளவு. கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்து பேர் என்றால் கணக்கே மாறிவிடும்.

சிச்சென் இட்சா ப்ரோக்ரெசோவிலிருந்து பஸ்ஸில் போக சுமார் இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நடுவில் யுகத்தான் பகுதியின் ஜூன் மாத வெயில். இடம் பரந்த வெட்டவெளி, நடை நிறைய. எல் காஸ்டியோ பிரமிடில் ஏற இப்போது அனுமதி இல்லை. கீழே நின்று பார்க்க வேண்டியதுதான். பெரியவர்களுக்கு அது போதும். பையன் அரை மணியில் சிணுங்க ஆரம்பிப்பான், அவனைத் தூக்கிக்கொண்டு நடப்பது யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். துலும் இன்னும் சிக்கல். கோசுமெல் ஒரு தீவு. அங்கிருந்து ப்ளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணி நேர ஃபெர்ரி, பிறகு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பஸ். திரும்பி வரும்போதும் அதே. கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் அந்த ஃபெர்ரியில் வாந்தி எடுப்பவர்கள் நிறைய. சிச்சென் இட்சாவை அவசியம் பார்க்க வேண்டும் என்றால், பையன் வளர்ந்த பிறகு கான்குனுக்கோ மெரிடாவுக்கோ விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள்.

கோசுமெலில் மாயா இடிபாடு வேண்டும் என்றால் தீவின் நடுவிலேயே சான் கெர்வாசியோ இருக்கிறது. துலும் போலக் கடலோரக் காட்சி இல்லை; தாழ்வான கட்டடங்கள், மரங்கள், வழியெல்லாம் ஓணான் மாதிரி பெரிய இகுவானாக்கள். இஷ்செல் என்ற தெய்வத்தை வணங்க மாயா பெண்கள் தோணியில் கடல் தாண்டி வந்த தலம் அது. பிள்ளைப்பேற்றுக்கான தெய்வம் என்றால் உங்கள் மாமியாருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. கொசு உண்டு, மருந்து கொண்டு போங்கள்.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு சான்கனாப் பூங்கா. தீவின் பொதுப் பூங்காக்களை நடத்தும் அமைப்பே இதையும் நடத்துகிறது. கப்பல்கள் நிற்கும் தெற்குப் பக்கத் துறைகளிலிருந்து டாக்ஸியில் சில நிமிடம்தான். கரையிலிருந்தே படியில் இறங்கி மகள் அப்பாவோடு ஸ்நார்க்கெல் (கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்த்தபடி நீந்துவது) செய்யலாம், படகு ஏற வேண்டாம். மாமியாருக்கு நிழலும் சாய்வு நாற்காலியும் கிடைக்கும். பையனுக்கு மணல், தோட்டம், முதலை. இதே பூங்காவைக் கப்பல் ஆப்பிலும் தலைக்கு இவ்வளவு என்று விற்பார்கள். அதில் வாங்காதீர்கள்; வாசலில் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடுவது வழக்கம், உங்கள் கப்பல் நிற்கும் கிழமையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கோசுமெல் டாக்ஸியில் மீட்டர் கிடையாது. துறைமுக வாசலில் இடம் வாரியாகக் கட்டணப் பலகை வைத்திருப்பார்கள். பொதுவாக அந்தக் கட்டணம் நாலு பேருக்கு. ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் கேட்பார்கள். ஏறுவதற்கு முன்பே "ஐந்து பேர், மொத்தம் எவ்வளவு, டாலரா மெக்சிகோ பெசோவா" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். குழந்தைக்கான கார் சீட் டாக்ஸியில் இருக்காது. நெடுந்தூரப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடற்கரை கிளப்புகளில் ஆல்-இன்க்ளூசிவ் என்று ஒரு டிக்கெட் விற்பார்கள்: சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்து. அந்த விலையில் பெரிய பங்கு மதுவுக்கும் மீன், இறைச்சிக்கும் போகிறது. உங்கள் மாமியார் அங்கே என்ன சாப்பிடுவார்? சோறு, பீன்ஸ், குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல், பழம். பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். குடிக்காதவர், சைவம் சாப்பிடுகிறவர் எல்லாம் சேர்ந்து அடுத்த மேஜைக்காரர்களின் மார்கரிட்டாவுக்குப் பணம் கட்டுகிற கதை அது. சாப்பிட்டதற்கு மட்டும் காசு வாங்கும் கிளப்புகளும் இருக்கின்றன. உங்களுக்கு அவைதான் சரி.

டால்பின் விஷயத்தில் மகளோடு கொஞ்சம் பேச வேண்டும். தலைக்கு நூறு டாலருக்கு மேல் போகும் விஷயம் அது. பெரும்பாலான இடங்களில் உங்கள் போனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். அவர்களே எடுத்த போட்டோவைக் கடைசியில் தனி விலைக்கு விற்பார்கள். குழந்தை ஆசையாகப் பார்க்கும்போது எந்த அப்பா வேண்டாம் என்பார்? கடல் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்துவதை எதிர்த்து மெக்சிகோ 2025-இல் சட்டமும் இயற்றியிருக்கிறது. என்னைக் கேட்டால் ஸ்நார்க்கெல் கண்ணாடி ஒன்றை இங்கேயே அவள் முகத்துக்குப் பொருத்திப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், அங்கே வாடகையும் மிச்சம்.

ப்ரோக்ரெசோவில் காசு செலவழிக்காமலே ஒரு நாளை ஓட்டலாம். ஆழமில்லாத கடல் என்பதால் கரையிலிருந்து சுமார் ஆறரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி அதன் நுனியில் கப்பலை நிறுத்துகிறார்கள். ஊருக்குள் போக இலவச பஸ் உண்டு. இறங்கினால் மலெக்கோன் எனப்படும் கடற்கரைச் சாலை, ஓரமெல்லாம் உணவகங்கள். கடல் நெடுந்தூரம் முழங்கால் அளவுதான், பையனை நம்பி விடலாம் (கண் பார்வையில்தான்). கொஞ்சம் கிழக்கே சிக்சுலுப். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர் இனத்துக்கு முடிவு கட்டிய விண்கல் விழுந்த பள்ளத்துக்கு இந்த ஊர்ப் பெயர்தான். பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, பூமிக்கும் கடலுக்கும் அடியில் கிடக்கிறது. ஆனால் அதைப் பற்றி ப்ரோக்ரெசோவிலேயே விண்கல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நாலு வயதுப் பையனுக்குப் பிரமிடைவிட டைனோசர் பெரிய விஷயம் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

நேரத்தைக் கவனியுங்கள். ஜூனில் கோசுமெலும் டெக்சாஸும் ஒரே மணி. ப்ரோக்ரெசோ ஒரு மணி நேரம் பின்னால். மெக்சிகோவின் பெரும்பகுதியில் 2022-லிருந்து கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. கப்பல் டெக்சாஸ் நேரத்திலேயே ஓடினால், உங்கள் போன் கரையில் உள்ளூர் கோபுரத்தைப் பிடித்து 2:30 என்று காட்டும்போது கப்பலில் மணி 3:30. கப்பல் நேரம் எது என்று இறங்கும்போது கேட்டு, சாதாரண கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 3 சதவீதம் வரை போகும். மெஷின் "டாலரிலா, பெசோவிலா" என்று கேட்டால் பெசோ. டாலரைத் தொட்டால் கடைக்காரர் தரப்பு வைக்கும் மாற்று விலைதான் உங்களுக்கு. சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் பெசோ நோட்டு இருக்கட்டும். 2025 ஜூலை முதல் மெக்சிகோ ஒவ்வொரு க்ரூஸ் பயணியிடமும் வாங்கும் வரி (5 டாலரில் ஆரம்பித்து 2028-க்குள் 21 டாலர் வரை ஏறும்) டிக்கெட்டின் வரிகளோடு சேர்ந்தே வரும். கரையில் யாராவது நுழைவு வரி என்று கை நீட்டினால் கொடுக்காதீர்கள்.

மாமியாருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். அது அமெரிக்காவுக்குள் மட்டுமா, மெக்சிகோவிலும் கப்பலிலும் செல்லுமா என்று கம்பெனியிடம் மெயிலில் எழுதிக் கேளுங்கள், போனில் சொன்னதை நம்ப வேண்டாம். கப்பல் மருத்துவரின் பில் நேராக உங்கள் ரூம் கணக்கில்தான் ஏறும். உங்கள் வேலை வழியாக வந்த இன்சூரன்ஸையும் இதே கேள்வி கேட்டுவிடுங்கள். மாமியாரின் அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம்.

கடைசியாகப் பாஸ்போர்ட். கால்வெஸ்டனில் ஏறி அங்கேயே இறங்கும் க்ரூஸுக்கு அமெரிக்கக் குடிமகனான குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. கப்பலை விட்டாலோ, யாருக்காவது உடம்பு முடியாமல் கரையில் இறக்கிவிட்டாலோ, நீங்கள் நாலு பேரும் பறக்கலாம், பையனால் முடியாது. அதனால் பையனுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 16 வயதுக்கு உட்பட்டவருக்கு விண்ணப்பக் கட்டணம் 100, ஏற்புக் கட்டணம் 35, மொத்தம் 135 டாலர். பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும், வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். கோசுமெலுக்கு 300, ப்ரோக்ரெசோவுக்கு 100 என்று வைத்தால் பாஸ்போர்ட் சேர்த்து 535. மீதி 65 தண்ணீருக்கும் டிப்ஸுக்கும். ஜூனுக்கு முன் கையில் வர வேண்டும் என்றால் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு இந்த வாரமே போஸ்ட் ஆபீஸில் நேரம் வாங்குங்கள்.