வலையில் ஏறிய வெள்ளரி பூக்கிறது, காய்க்கவில்லை

வணக்கம். பால்கனியில் வலை கட்டி ஏற்றிய வெள்ளரி நிறையப் பூத்தும் ஒரு காய்கூட நிற்கவில்லை, உரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் இலைதான் பெருகும்.

முதலில் பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். இதழுக்குக் கீழே சொரசொரவென்று ஒரு குட்டி வெள்ளரி ஒட்டியிருந்தால் பெண் பூ. பெரும்பாலும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும், கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறதா? அப்படியானால் மகரந்தம் சேரவில்லை. மாடி உயரத்துக்குத் தேனீ அவ்வளவாக வராது, பாவம் கொடி என்ன செய்யும்! காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் நடுப்பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இரண்டு மூன்று ஆண் பூக்களால் தடவினால் இன்னும் நல்லது. அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணலாகிவிடும். மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், பூவுக்கு ஆயுசு ஒரு நாள்தான்.

அப்புறம் தண்ணீர். வலையில் ஏறிய கொடிக்கு வெயிலும் காற்றும் நேராகப் படும், தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். தினமும் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். பெண் பூவே கண்ணில் படவில்லை என்றால் கொடியைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.