பழைய சிஆர்டி ஹோம் தியேட்டர் ப்ரொஜெக்டரை அப்கிரேட் செய்யலாமா, மாற்றிவிடலாமா?

8 அங்குல டியூப் உள்ள சிஆர்டி ப்ரொஜெக்டர் (சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படக்குழாய்களால், ஒவ்வொன்றுக்கும் ஒரு லென்ஸ் வைத்துப் படம் காட்டும் பழைய வகை), இருபது வருடத்துக்கு மேல் பழையது, படம் மங்கிவிட்டது. லென்ஸ் மாற்றலாமா, ஸ்கேலர் (படத்தின் கோடுகளின் எண்ணிக்கையை மாற்றித் தரும் பெட்டி) வாங்கலாமா, இல்லை டிஜிட்டலுக்கே போய்விடலாமா? இதுதான் நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி. யாரிடம் கேட்டாலும் "தூக்கிப் போடுங்க" என்றுதான் பதில் வரும். நானும் ஒருமுறை அந்தப் பேச்சைக் கேட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையதும் 8 அங்குலம்தான். ஒரு கட்டத்தில் படத்தில் உயிரே இல்லாமல் போனது. கருப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகள் லேசாக இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் புகை மாதிரி ஒரு வெளிச்சம். சர்வீஸுக்கு வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல், திரையைப் பார்த்துவிட்டே "டியூப் போச்சு சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நம்பிவிட்டேன். மச்சானும் இரண்டு நண்பர்களும் நானுமாகக் கூரையிலிருந்து இறக்கி, பின்னறையில் போர்வை போட்டு மூடினோம். 60 கிலோவுக்கு மேல் எடை. அந்த இடத்தில் விளக்கு போட்ட ஒரு டிஎல்பி, அதாவது டிஜிட்டல் ப்ரொஜெக்டர், ஏறியது.

முதல் வாரம் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். வெளிச்சம் அள்ளியது, பகல் காட்சிகள் பளிச்சென்று இருந்தன. அப்புறம் ஒரு இரவுக் காட்சி. ஒரு ஆள் கையில் லாந்தர் விளக்கோடு காட்டுக்குள் நடந்து போகிறார். இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். படத்துக்கு மேலும் கீழும் இருக்கும் கருப்புப் பட்டைகள்கூட மெல்ல ஒளிர்ந்துகொண்டிருந்தன. சிஆர்டியில் கருப்பு என்றால் அந்த இடத்தில் எலக்ட்ரான் கற்றை நின்றுவிடுகிறது, வெளிச்சமே பிறப்பதில்லை. விளக்கு எரியும் ப்ரொஜெக்டரில் வெளிச்சம் எப்போதும் இருக்கிறது, அதைத் தடுக்கத்தான் பார்க்கிறார்கள், கொஞ்சம் கசிந்துவிடும். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எட்டு மாதம் கழித்துப் பழையதை விற்க முடிவு செய்தேன். வாங்க வந்தவர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கரண்ட் இல்லாதப்போ லென்ஸ் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. டியூப் முகம் எப்படி இருக்கு?" அத்தனை வருடம் வைத்திருந்தும் நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. சிவப்பு சுத்தம். நீலத்தில் லேசான கலங்கல். பச்சையில் டார்ச்சை அடித்ததும் தெரிந்தது: டியூப் முகத்துக்கு முன்னால் இருக்கும் திரவத்தில் பஞ்சு நூல் நூலாகப் பூஞ்சை மிதந்தது. அதற்குப் பின்னால் இருந்த பாஸ்பர் (கற்றை பட்டால் ஒளிரும் பூச்சு) ஒரே சீராக, கறையே இல்லாமல் இருந்தது.

டியூப் போகவே இல்லை. குளிரூட்டும் திரவம்தான் கெட்டிருந்தது. டியூபின் சூட்டை வாங்கிக்கொள்ள எத்திலீன் கிளைகால், கிளிசரின் கலவையை முன்பக்க அறையில் நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தால் அதில் பூஞ்சை வரும். பச்சை வெளிச்சம் அதில் சிதறிக் குறைந்ததால்தான் வெள்ளை இளஞ்சிவப்பானது, எழுத்தைச் சுற்றிப் புகையும் வந்தது.

வாங்க வந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படின்னா விக்காதீங்க" என்றார். அவருக்கு இன்றும் நன்றி.

திரவம் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். ஆனால் உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் போகும் கருவி இது. பிளக்கைப் பிடுங்கி, நேரம் விட்டு, மிச்ச மின்சாரத்தை முறைப்படி இறக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைத்தேன். தெரியாதவர்கள் தொட வேண்டாம். வெளியே எடுத்த திரவம் விஷம், அதே சமயம் இனிப்பாக இருக்கும். குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ வாய் வைத்துவிடாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். அறையைக் கழுவித் துடைத்து, காற்றுக்குமிழி தங்காமல் புதுத் திரவத்தை ஊற்ற எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

மறுநாள் கன்வெர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. அரை மணி நேரமாவது சூடாக விட்டுவிட்டு, கட்டம் போட்ட படத்தை வரவழைத்து, முதலில் பச்சையை மட்டும் வைத்து வடிவத்தைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் சிவப்பை அதன்மேல் பொருத்த வேண்டும். சரியாகப் பொருந்திய இடத்தில் கோடு மஞ்சளாகிவிடும். பொருந்தாத இடத்தில் ஒரு ஓரம் சிவப்பு, ஒரு ஓரம் பச்சை என்று பிரிந்து நிற்கும். மூலை மூலையாக நகர்ந்து எல்லாம் மஞ்சளான பிறகு நீலத்தைச் சேர்த்தால், கோடுகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக மாறும். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கடைசி மூலை வெள்ளையானபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாந்தர் காட்சியைப் போட்டேன். விளக்கைச் சுற்றி இருட்டு இருட்டாகவே இருந்தது.

4கே, எச்டிஆர், லேசர் எல்லாம் தெரியாமல் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். தெரியும். 2007-இல் ஜேவிசியின் ஆர்எஸ்1 டிஜிட்டல் ப்ரொஜெக்டர் வந்தபோது அதன் 15,000:1 கான்ட்ராஸ்டை (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) பார்த்துவிட்டு சிஆர்டிக்காரர்களே பலர் மாறினார்கள், அவர்கள் செய்தது தப்பில்லை. உங்கள் அறையை முழு இருட்டாக்க முடியாது என்றாலோ, எட்டடிக்கு மேல் அகலமான திரை வேண்டும் என்றாலோ சிஆர்டியில் மல்லுக்கட்டாதீர்கள். இதன் உண்மையான வெளிச்சம் சில நூறு லூமன்தான், அட்டையில் போட்டிருக்கும் 1000 சின்ன வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் கிடைக்கும் உச்சம். மிகப் பளிச்சென்ற வெளிச்சங்களைக் காட்ட வேண்டிய எச்டிஆருக்கு அது காணாது.

மற்றபடி, லென்ஸ் வாங்கும் முன் டியூபைப் பாருங்கள். பாஸ்பரில் செவ்வகமாகப் பழுப்பேறியிருந்தால், அல்லது பழைய மெனு, எழுத்து எதுவும் பதிந்திருந்தால் அது தேய்மானம். பச்சையிலும் நீலத்திலும்தான் முதலில் வரும். அந்த நிலையில் லென்ஸுக்கும் ஸ்கேலருக்கும் செலவழிப்பது வீண். அதே மாடலில் குறைந்த மணி நேரம் ஓடிய இன்னொரு கருவி கிடைத்தால் வாங்கி டியூபை மாற்றுங்கள், இல்லையென்றால் விடைகொடுங்கள்.

டியூப் நன்றாக இருந்தால் அடுத்தது சிக்னல். 1080p-ஐ (1080 கோடுள்ள படம்) 60 ஹெர்ட்ஸில் கொடுக்க 67.5 கிலோஹெர்ட்ஸ் வேகம் வரை கோடுகளை வரைய, அதாவது ஸ்கேன் செய்ய வேண்டும், உங்கள் கருவியின் மேல்வரம்பைப் பாருங்கள். 7 அங்குல டியூபில் 1080p கொடுத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படம் மழுங்கும், 720p-தான் கூர்மை. 8 அங்குலத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வட்டு வாங்குபவன் நான். சிஆர்டி வாங்கிக்கொள்வது அனலாக் சிக்னலைத்தான். ஆனால் 2010-க்குப் பிறகு தயாரான ப்ளூரே பிளேயர்களில் அனலாக் வழியாக எச்டி வராது என்று உரிம விதியில் எழுதினார்கள். 2013-க்குப் பிறகு தயாரானவற்றில் அனலாக் படமே கிடையாது என்றும் எழுதினார்கள். திருட்டுப் பிரதி பார்ப்பவனுக்கு இதனால் ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை. நல்ல நிலையில் இருந்த கருவிகள்தான் குப்பைக்குப் போயின. எச்டிஎம்ஐயை அனலாக் ஆக்கும் பெட்டியைத் தேடி அலைந்ததும் எங்களைப் போன்றவர்கள்தான். எத்தனை வருடமானாலும் இது எனக்கு ஆறாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மங்கிவிட்டது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று லென்ஸிலும் டார்ச் அடித்துப் பார்த்து, பச்சையில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.