இலகு ரயில் பாதை போடும்போது அக்கம்பக்கத்தினரும் கடைக்காரர்களும் ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறார்கள்?

இலகு ரயில் என்பது பெரும்பாலும் சாலை மட்டத்திலேயே மின்சாரத்தில் ஓடும் சிறிய நகர ரயில். பழைய டிராமின் புது வடிவம் என்று சொல்லலாம்.

தண்டவாளம் பதிப்பது ஓரளவு சீக்கிரம் முடிகிற வேலைதான். வேலையை நாள்கணக்கில் இழுப்பது அதற்கு அடியில் இருப்பவை: குடிநீர்க் குழாய், சாக்கடை, எரிவாயு, மின் கேபிள். கான்கிரீட் போட்டுவிட்டால், பிறகு ஒரு குழாய் உடைந்தாலும் ரயிலை நிறுத்தித்தான் தோண்ட வேண்டும். அதனால் முன்கூட்டியே அவற்றை ஓரமாக மாற்றுகிறார்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பழைய பைப்பை மாற்றிவிடுகிறோமே, அது போலத்தான். ஆனால் பழைய நகரங்களில் வரைபடத்தில் இல்லாத குழாய்களும் கிளம்பும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2011இல் ஓட வேண்டிய டிராம் 2014 மே மாதம்தான் ஓடியது. சிட்னியில் 2015இல் தொடங்கிய வேலை 2020இல்தான் முழுதாக முடிந்தது. இரண்டிலும் நிலத்தடிக் குழாய்களும் கேபிள்களும் ஒரு பெரிய காரணம்.

குடியிருப்பவர்களுக்குத் தூசி, இரவுச் சத்தம், சுற்றுவழி. கடைக்காரர் பாடுதான் மோசம். வாசலை மறைத்துத் தடுப்பு நின்றால், போகிற போக்கில் எட்டிப்பார்க்கிறவர் வரமாட்டார். சரக்கு வண்டி நிறுத்த இடமிருக்காது. வாடகை மட்டும் குறையாது. ஆறு மாதம் என்று சொன்னது இரண்டு வருடமானால் சேமிப்பு கரைந்துவிடும். இழப்பீட்டைத் திட்டச் செலவிலேயே சேர்த்து, வேலை நடக்கும்போதே தர வேண்டும் என்பேன்.

“ரயில் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போது கூடும் வியாபாரம் அன்றைக்கு அங்கே இருக்கும் கடைக்குத்தான், நடுவில் மூடிவிட்டுப் போனவருக்கு அல்ல.